ரோமின் முடிவைத் தோண்டியவர்: அரிக்கமேட்டுக்கு வந்த மார்ட்டிமர் வீலர்

வீக் எண்ட் வந்தால் சென்னையிலிருந்து ஈசிஆர் பிடித்துப் பாண்டிச்சேரி கிளம்பும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த வழி உங்களுக்குப் பழக்கம்தான். மரக்காணம் வந்ததும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள், பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் அடுத்த அரை மணி நேரத்தில் பொம்மையார்பாளையம். கரையேற்றிய ஃபைபர் படகுகள், காயும் வலைகள், நடுநடுவே கஃபே போர்டுகள். அதைத் தாண்டினால் பாண்டிச்சேரி. நம்மில் பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிடுவோம். இன்னும் நாலு கிலோமீட்டர் தெற்கே போனால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு.

மரக்காணத்திலிருந்து அரிக்கமேடு வரை சுமார் 40 கிலோமீட்டர். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சின்னத் துண்டுக் கடற்கரையின் பெயர் செங்கடல் வரை தெரிந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, தமிழகத்தின் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை அடுத்தடுத்துச் சொல்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடு. சோபட்மா என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும் இதுதான் என்பது அவர்கள் கருத்து. பொம்மையார்பாளையம் இந்த இரண்டுக்கும் நடுவில். கரையோரமாகப் போகும் கலங்கள், பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்கள், கங்கை முகத்துவாரத்துக்கும் அதைத் தாண்டியும் போன பெரிய கப்பல்கள் என மூன்று வகைக் கலங்கள் இந்தத் துறைமுகங்களில் இருந்ததாகவும் அந்தக் கையேடு சொல்கிறது.

அப்புறம் ஒரு கட்டத்தில் ரோமானியச் சரக்கு வருவது நின்றுபோனது. ஏன்? ரோம் வீழ்ந்தது, அதனால் இங்கேயும் எல்லாம் முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரி எந்த அளவுக்குச் சரி? இதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் மார்ட்டிமர் வீலர்.

யார் இந்த வீலர்?

ராபர்ட் எரிக் மார்ட்டிமர் வீலர் 1890 செப்டம்பர் 10 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா பத்திரிகையாளர். குடும்பம் பிராட்ஃபோர்டுக்குக் குடிபெயர, சிறுவயது அங்கே கழிந்தது. பிறகு லண்டன், அங்கே யூனிவர்சிட்டி காலேஜில் கிரேக்க, லத்தீன் இலக்கியப் படிப்பு. ஓவியராக ஆசைப்பட்டவர், பானை ஓட்டில் வந்து நின்றார். 1913-ல் கிடைத்த ஓர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக்குப் போய், ரோமானியர்கள் விட்டுப்போன மண்பாண்டங்களைப் படித்தார்.

பானை ஓட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தங்கத்தை உருக்கிவிடலாம், மரம் மக்கிவிடும். சுட்ட மண் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு ஃபேஷன் உண்டு. எந்த ஓடு எந்த ஆண்டுகளில் புழங்கியது என்று தெரிந்துவிட்டால், அது கிடைக்கும் மண்ணடுக்குக்கு வயது சொல்லிவிடலாம். இந்தப் பாடம்தான் 32 ஆண்டுகள் கழித்து அரிக்கமேட்டில் அவருக்குக் கைகொடுத்தது.

அதற்குள் முதல் உலகப் போர். வீலர் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் போனார், வீரப் பதக்கத்தோடு திரும்பினார். ஆனால் 1913-ல் ராக்ஸ்டர் என்ற ரோமானிய நகரின் அகழாய்வில் அவரோடு சேர்ந்து பழகிய ஐந்து இளைஞர்களில் போருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு தலைமுறைத் தொல்லியலாளர்களே காணாமல் போய்விட்டார்கள். ஒரு நாகரிகம் எப்படி முடிகிறது என்ற கேள்விக்கு அவர் மனசில் எப்போதும் முதலில் வந்து நின்ற பதில் போர். ஏன் என்று இந்த இடத்தில் ஊகிக்க முடிகிறது.

முதல் முடிவுரை: வெருலாமியம்

1920-களில் வேல்ஸிலும் லண்டனிலும் அருங்காட்சியகப் பொறுப்புகள். கூடவே தொடர்ந்து அகழாய்வுகள். மனைவி டெஸ்ஸாவும் தேர்ந்த தொல்லியலாளர். களத்தில் பாதி வேலை, சில இடங்களில் பாதிக்கும் மேல், டெஸ்ஸாவுடையது. 1930 முதல் 1933 வரை லண்டனுக்கு வடக்கே வெருலாமியம் என்ற ரோமானிய நகரை இருவரும் தோண்டினார்கள்.

கீழடி படங்களில் சதுரம் சதுரமாகக் குழிகளும் நடுவே வரப்பு மாதிரி மண்சுவர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வரப்பில் மண்ணடுக்குகள் அப்படியே தெரியும். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று துல்லியமாகப் பதிவு செய்யலாம். முன்னோடிகள் சிலரிடமிருந்து எடுத்து, செம்மைப்படுத்தி, உலகமெங்கும் பரவச் செய்தது வீலர் தம்பதிதான்.

வெருலாமியம் பற்றிய அறிக்கை 1936-ல் வந்தது. அதில் வீலர் ஒரு கதை சொன்னார். மூன்றாம் நூற்றாண்டில் இந்த நகரம் குண்டு விழுந்த ஊர் மாதிரி இடிந்து கிடந்தது. இடையில் கொஞ்ச காலம் எழுந்தது. நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் குடிசைகளும் குப்பையுமாகச் சீரழிந்தது. பேரரசு தலையில் செத்தால் காலிலும் சாகும் என்கிற மாதிரியான கதை. படிக்க விறுவிறுப்பாக இருந்தது. எல்லோரும் நம்பினார்கள்.

அதே 1936-ல் டெஸ்ஸா 43 வயதில் திடீரென்று இறந்துபோனார். சின்ன அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட ரத்த உறைவு. வீலர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். இருவரும் சேர்ந்து கனவு கண்ட லண்டன் தொல்லியல் கழகம் அடுத்த ஆண்டு திறக்கப்பட்டபோது டெஸ்ஸா இல்லை.

அந்த ஆண்டுகளில்தான் இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்டன் காஸில் என்ற மலைக்கோட்டையைத் தோண்டினார். வாசலருகே எலும்புக்கூடுகள், சிலவற்றில் வெட்டுக்காயங்கள். கி.பி. 43-ல் ரோமானியப் படை உள்ளே புகுந்து நடத்திய படுகொலை என்று எழுதினார். அதுவும் படம் பார்த்த மாதிரியான வர்ணனை.

பீரங்கிக்கு நடுவே ரோம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 49 வயதில் மறுபடி ராணுவம். வட ஆப்பிரிக்காவில் எல் அலமைன் போரில் இருந்தார். படை லிபியாவுக்குள் நகர்ந்தபோது அவருக்கு இன்னொரு கவலை. லெப்டிஸ் மாக்னா, சப்ராதா போன்ற ரோமானிய நகரங்களின் இடிபாடுகளில் ராணுவ லாரிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, சிப்பாய்கள் கல்லில் பெயர் செதுக்கினார்கள். இன்னொரு தொல்லியலாளரான ஜான் வார்டு பெர்கின்ஸோடு சேர்ந்து அந்த இடங்களைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தார்.

1943-ல் இத்தாலியின் சலேர்னோவில் நேச நாட்டுப் படைகளோடு தரையிறங்கினார். அதற்கு முன்பே இந்தியாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இந்தியத் தொல்லியல் துறை படுத்துக் கிடக்கிறது, நிமிர்த்த ஆள் வேண்டும் என்று வைஸ்ராய் தரப்பு தேடியது. 1944-ல் வீலர் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டு வேலை. அந்தப் பதவியில் இருந்த கடைசி பிரிட்டிஷ்காரர் அவர்தான்.

சென்னை மியூசியத்தின் ஒரு அலமாரி

1944 ஜூலை. எழும்பூர் அருங்காட்சியகத்தை ஆய்வு செய்ய வந்த வீலர், ஒரு அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவினார். கையில் வந்தது ஒரு ஜாடியின் கழுத்தும் நீளமான கைப்பிடியும். மத்தியதரைக் கடல் பக்கம் மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றி அனுப்பிய ஆம்போரா அது. ரைன் கரையில் இருபத்திச்சொச்சம் வயதில் பார்த்த அதே வகை. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து என்றார்கள். உடனே ரயில் ஏறினார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரிக்கமேட்டை வீலர் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ 1760-களின் கடைசியில் பாண்டிச்சேரியில் இருந்தபோதே வீராம்பட்டினம் பக்கத்தில் பெரிய பெரிய செங்கற்களும் பழைய கிணறுகளும் இருப்பதை எழுதிவைத்தார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மழை பெய்தால் அங்கே கல்மணி பொறுக்கலாம் என்று தெரியும். 1937-ல் பாண்டிச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரே அப்படிக் கிடைத்த ஒரு மணிக்கல்லில் ரோமானிய முகம் ஒன்றைப் பார்த்தார், பேரரசர் அகஸ்டஸ் என்று கருதினார். 1941 முதல் ஃபோஷோ, சுர்லோ ஆகிய பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டவும் செய்தார்கள்.

ஆனால் கிடைத்த ஓடுகளின் காலத்தைச் சொல்லத் தெரிந்தவர் வீலர். பாண்டிச்சேரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னச் சிவப்பு ஓடுகளைப் பார்த்தார். வழவழப்பான சிவப்பு. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளின் சரக்கு. கி.மு. 30 வாக்கில் தொடங்கி கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைதான் அந்த வகை புழங்கியது. அப்படின்னா, தென்னிந்திய மண்ணில் முதல் முறையாக ஒரு மண்ணடுக்குக்கு உறுதியான தேதி போட முடியும்.

1945: குழிக்குள் கிடைத்தது என்ன?

பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில். அனுமதி வாங்கி, 1945-ல் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் தேறிய இந்திய இளைஞர்கள் பலர் அடுத்தடுத்த அகழாய்வுகளில் இறங்கினார்கள். சுதந்திர இந்தியாவின் தொல்லியல் துறையைப் பின்னாளில் நடத்தியவர்களில் அவர் மாணவர்கள் முக்கியமானவர்கள்.

ஏறக்குறைய 150 அடி நீளத்துக்கு ஒரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. பண்டகசாலை என்றார் வீலர். இன்னொரு பக்கம் செங்கல் தொட்டிகள், வடிகால்கள். துணிக்குச் சாயம் ஏற்றிய இடம் என்று கணித்தார். உறைகிணறுகள், ஆம்போரா துண்டுகள், கண்ணாடி, ரோமானிய விளக்கு. குயவர் முத்திரை பதித்த அரெஸ்ஸோ ஓடுகள். கூடவே தமிழ்ப் பிராமியில் எழுத்துப் பொறித்த உள்ளூர் ஓடுகள். ஆயிரக்கணக்கில் மணிகள்.

அடுத்த ஆண்டே அறிக்கை அச்சில் வந்துவிட்டது. வீலர் வரைந்த சித்திரம் இப்படி: எளிய மீனவர்கள் வாழ்ந்த ஒரு கரை. ஒருநாள் தூரதேசத்து வணிகர்கள் மதுவோடும் அழகான பாத்திரங்களோடும் வந்து சேர்கிறார்கள். ஊர் துறைமுகமாகிறது. கி.பி. 200 வாக்கில் அவர்கள் வருவது நிற்கிறது. ஊரும் அடங்கிவிடுகிறது.

பொம்மையார்பாளையத்தில் நின்று இதைப் படித்தால் லேசாக உறுத்தும். இந்தக் கரையின் தொடக்கமும் வெளியிலிருந்து வந்தவர்கள் கையில், முடிவும் அவர்கள் கையில். நடுவில் இருந்த மீனவர், குயவர், மணி செய்தவர், கப்பல் கட்டியவர் எல்லாம் பின்னணியில் நிற்கும் கூட்டம்!

சரி, ரோம் உண்மையில் எப்படிச் சரிந்தது?

வீலரின் சித்திரத்தில் கி.பி. 200 என்ற தேதி சும்மா வந்ததல்ல. ரோம் பலவீனமான விதம் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகிறது.

முதல் நூற்றாண்டில் நிலைமை வேறு. செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி புலம்பினார். கோயம்புத்தூர்ப் பகுதிகளில் புதையலாகக் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிக அதிகம்.

கி.பி. 64-ல் நீரோ வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் செலவு கூடும்போதெல்லாம் அதையே செய்தார்கள். 270 வாக்கில் காசில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. செம்புக்கு வெள்ளி முலாம் என்று சொல்லலாம். நம்மூர் வணிகர்கள் கையில் வாங்கி எடை போட்டுப் பார்ப்பவர்கள். மட்டமான காசுக்கு மிளகு கிடைக்குமா?

165-ல் படைகள் கிழக்கிலிருந்து ஒரு கொள்ளைநோயைக் கொண்டுவந்தன. அது பல ஆண்டுகள் பேரரசைப் பிடித்து ஆட்டியது. 235 முதல் 284 வரை ஐம்பது ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட பேரரசர்கள், பெரும்பாலோர் கொலையானவர்கள். எல்லையில் பாரசீகம் ஒரு பக்கம், ஜெர்மானிய இனங்கள் இன்னொரு பக்கம். வரி எல்லாம் படைக்கே போனது. விலை உயர்ந்த சரக்கு வாங்கும் கைகள் குறைந்தன. செங்கடல் வணிகத்தில் எத்தியோப்பியாவின் அக்சும் அரசும் மற்ற இடைத்தரகர்களும் இடம் பிடித்தார்கள்.

330-ல் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போனது. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்துகளின் தலைவன் அலாரிக், விலகிப் போகக் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ரோமானியப் பவுண்டு மிளகும் இருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு டன். அதாவது, பேரரசு சாகக் கிடக்கும்போதும் இந்தியப் பக்கத்து மிளகு அந்த நகரத்தில் டன் கணக்கில் இருந்தது. 410-ல் அலாரிக் நகரைக் கொள்ளையடித்தான். 476-ல் மேற்கின் கடைசிப் பேரரசர் பதவி இழந்தார். கிழக்குப் பாதியோ 1453 வரை நீடித்தது.

இந்தக் காலத்திலும் தமிழகத்துக்குக் காசு வந்தது. மதுரை, கரூர் பக்கங்களில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செம்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மரக்காணத்துக்கு வடக்கே மாமல்லபுரத்தில் தியடோசியஸ் பேரரசர் காலக் காசு கிடைத்தது. பெரிய வெள்ளம் வடிந்த பிறகும் ஊற்று சிறிதாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

தன் காலத்துப் பேரரசு கண் முன்னே முடிந்தது

1946-ல் வீலர் ஹரப்பாவில் தோண்டினார். பெரிய கோட்டைச் சுவர் கிடைத்தது. மொகஞ்சதாரோவில் முன்பே கிடைத்த எலும்புக்கூடுகளையும் ரிக் வேதத்தில் வரும் கோட்டை அழிப்புகளையும் சேர்த்து வைத்து, சிந்துவெளி நாகரிகத்தை முடித்தது ஆரியப் படையெடுப்பு என்று எழுதினார். மறுபடியும் அதே வாள், அதே ரத்தம்.

எழுதிய மை காய்வதற்குள் வெளியே இன்னொரு பேரரசு முடிந்துகொண்டிருந்தது. 1947 ஆகஸ்ட். ரோமின் எல்லைகளைத் தேடித் தோண்டிய மனிதர், பிரிட்டன் மூட்டை கட்டுவதைத் தன் அலுவலகத்திலிருந்தே பார்த்தார். பிரிவினையில் அருங்காட்சியகப் பொருள்களும் பங்கு போடப்பட்டன. மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு நெக்லஸின் மணிகளைப் பிரித்து, பாதி இந்தியாவுக்கு, பாதி பாகிஸ்தானுக்கு என்று கொடுத்தார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சி இங்கே எந்தக் கோட்டையும் இடிந்து முடியவில்லை. வடக்கே பல லட்சம் பேர் ரத்தத்தில் நடந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆட்சி கைமாறிய மறுநாள் உப்பளத்தில் உப்பு விளைந்தது, ரயில் ஓடியது, வீலரிடம் பயின்ற இந்தியர்கள் அதே முறையில் தோண்டப் போனார்கள். அந்த ஆண்டு வீலரே கர்நாடகத்தின் பிரம்மகிரியில் தோண்டி, அரிக்கமேட்டுத் தேதியை வைத்துத் தக்காணத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்குக் காலம் கணித்துக்கொண்டிருந்தார். ஆள்பவர் போவதும் ஊர் முடிவதும் ஒன்றல்ல என்பதற்கு அவர் கண் முன்னே சாட்சி இருந்தது.

ஒவ்வொரு முடிவுரையும் திருத்தப்பட்டது

1948-ல் வீலர் இந்தியாவை விட்டுப் போனார். பிறகு சில காலம் பாகிஸ்தான் தொல்லியலுக்கு ஆலோசகர். 1949 முதல் பிரிட்டிஷ் அகாடமியின் செயலாளர். 1952-ல் சர் பட்டம். அதே ஆண்டு தொடங்கிய பிபிசியின் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில், அருங்காட்சியகப் பொருளைக் கையில் கொடுத்தால் மீசையை முறுக்கிக்கொண்டே அது என்ன என்று சொல்வார். 1954-ல் பிரிட்டனின் ஆண்டின் சிறந்த தொலைக்காட்சிப் பிரமுகர். தொல்லியலாளர் ஒருவர் செலிபிரிட்டி ஆன கதை!

அதே ஆண்டில் ரோமின் எல்லைகளுக்கு அப்பால் போன வணிகம் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. அதில் அரிக்கமேட்டுக்கு முக்கிய இடம். உலக வாசகர்களிடம் அரிக்கமேட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் எழுத்துதான். இன்னொரு பக்கமும் உண்டு. உதவியாளர்களை விரட்டி வேலை வாங்குபவர். பெண்களிடம் மோசமாக நடந்துகொண்டவர் என்பதையும் அவர் வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அவர் உயிரோடு இருக்கும்போதே முடிவுரைகள் ஆட்டம் காணத் தொடங்கின. 1955-க்குப் பிறகு வெருலாமியத்தை மறுபடி தோண்டிய ஷெப்பர்ட் ஃப்ரியர், வீலர் குப்பைமேடு என்று சொன்ன நான்காம் நூற்றாண்டுக் கடைசியில் அங்கே பெரிய வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டதைக் காட்டினார். ஐந்தாம் நூற்றாண்டில்கூட யாரோ தண்ணீர்க் குழாய் பதித்திருந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மெனக்கெடுபவர்கள் இருந்தால், அந்த ஊர் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளின் பதிவுகளைத் திரும்பப் படித்து, ஒரே நாள் படுகொலை என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். மெய்டன் காஸிலில் பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளும் ஒரே தாக்குதல் என்ற கதையை ஏற்கவில்லை.

வீலர் 1976 ஜூலை 22 அன்று 85 வயதில் இறந்தார். அரிக்கமேட்டுத் திருத்தம் அதற்குப் பிறகுதான் முழுமையாக வந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே தோண்டின. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, தொழில் இருந்தது, வணிகம் இருந்தது என்று தெரிந்தது. உள்பக்கம் சக்கரக் கோடுகள் பதித்த வழவழப்பான தட்டுகளை வீலர் மத்தியதரைக் கடல் பக்கத்து இறக்குமதி என்று நினைத்திருந்தார். அவை இந்தியாவிலேயே செய்தவை. அங்கே செய்த வகைக் கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. மேற்கே சந்தை சுருங்கினாலும் கிழக்கே கடல் திறந்தேதான் இருந்தது.

கி.பி. 200-க்குப் பிறகும் மனிதர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். துறைமுகம் பெருமளவு சுருங்கியது உண்மைதான். ஆனால் சோழர் காலக் காசுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் அதே மேட்டில் கிடைத்திருக்கின்றன. மேலே 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய செங்கல் கட்டடத்தின் இடிபாடு இன்றும் நிற்கிறது.

இப்போது நமக்கு என்ன?

வீலர் தப்பான ஆள் என்று முடித்துவிடக் கூடாது. அவரைத் திருத்தியவர்கள் எல்லோரும் அவர் சொல்லிக்கொடுத்த வழியில்தான் திருத்தினார்கள். எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்று அவர் பதிந்து வைக்காமல் போயிருந்தால் யாரும் மறுபடி சரிபார்த்திருக்கவே முடியாது. அவர் பதிவு நின்றது. அதன் மேல் அவர் ஏற்றிய கதை நிற்கவில்லை. பேரரசின் முடிவைத் தேடிப் போனவருக்கு, பேரரசோடு முடியாமல் வாழ்ந்தவர்கள் கண்ணில் படவில்லை.

திருத்துவதற்கும் மண் மிச்சம் இருக்க வேண்டும். அரிக்கமேட்டின் ஒரு பக்கத்தை ஆறு பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருக்கிறது. வடக்கே பொம்மையார்பாளையத்தில் கடல். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிப் போகும் மணலை மறித்தன. அதற்குப் பிறகு வடக்கே உள்ள மீனவக் கிராமங்கள் கரையை இழந்துவருகின்றன. வலை காயப்போட்ட மணல் போனது, படகு ஏற்றிய இடம் போனது, சில வீடுகளும் போயின. இந்தக் கரையில் எங்கெங்கே பழைய ஓடுகள் புதைந்திருக்கின்றன என்று முழுதாகத் தேடிப் பார்ப்பதற்கு முன்பே அலை ஒரு பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த முறை பாண்டி ட்ரிப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி அரிக்கமேட்டுக்கும் போய் வாருங்கள். பெரிதாக எதுவும் தெரியாது. மாந்தோப்பு, கொஞ்சம் செங்கல், ஆறு. காலடியில் பானை ஓடு கிடைத்தால் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். வீலரைத் திருத்தியவர்களைத் திருத்த இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கும்.